ஒரு கிழமைக் குளிசை

முதுகெலும்பில் சவ்வு விலகியவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். டென்மார்க் மருத்துவமனையில் என்ன செய்வார்கள், எதற்குப் பயப்படலாம், எதற்குப் பயப்படத் தேவையில்லை, வலிக் குளிசையை, அதாவது மாத்திரையை, மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மனிதர் இதைப் படிக்க வேண்டும். அவருடைய பெயரை எழுதமாட்டேன். அவருக்குத் தெரியும். இக்காஸ்ட் நகரில் இருக்கிற எங்களுடைய இலங்கை ஆட்களில் பாதிப் பேருக்கும் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் அவரே திருத்தட்டும். ஊரில் ஆசிரியராக இருந்தவர்தானே.

நான் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஈரத் துணி உருளைகளை வண்டியிலிருந்து தூக்கி உலர்த்தும் இயந்திரத்தில் ஏற்றுவது என் வேலை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்பது விதி. அன்று மற்றவன் சுகமில்லை என்று வரவில்லை. தனியே தூக்கமாட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. மூன்றாவது உருளையில் முதுகுக்குள் ஏதோ ‘டக்’ என்றது. அதன் பிறகு இடது காலில் கொதிநீர் ஊற்றியதுபோல வலி, குதிக்கால் வரை.

முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்ன எலும்புகளால் ஆனது. ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது. எனக்கு இடுப்புக்கு மேலே உள்ள ஒரு மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. நோவு முதுகில் இருப்பதைவிடக் காலில் அதிகம் இருந்ததற்கு அதுதான் காரணம். இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் மாஸ்டர்தான். அந்த நன்றியையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மாஸ்டர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் எங்களுக்கெல்லாம் முன்னரே வந்து டேனிஷ் பழகியவர். கொமூன் என்கிற நகரசபை அவரை மொழிபெயர்ப்பாளராக வைத்திருந்தது. மருத்துவரிடமோ, பொலிசிடமோ, வீட்டு அலுவலகத்திலோ எங்களுக்கு ஒரு காரியம் என்றால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மாஸ்டர் வருவார். அவர் அறைக்குள் வந்தால் நான் எழுந்து நிற்பேன். முதுகு உடைந்திருந்த அன்றும் எழுந்து நின்றேன். அது எங்களுடைய பழக்கம். படிப்பித்தவர் முன்னால் இருந்துகொண்டு கதைக்க எனக்கு வராது, அவர் என்னைப் படிப்பிக்காவிட்டாலும்.

முதல் நாள் மருத்துவமனையில் மருத்துவர் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"என்ன கேக்கிறார் மாஸ்டர்?"

"ஒண்டுக்குப் போறது உமக்குத் தெரியுதோ, அந்த இடம் விறைச்சுக் கிடக்கோ எண்டு கேக்கிறார். உதெல்லாம் என்ன கேள்வி? எல்லாம் சரி எண்டு சொல்லிப்போட்டன்."

எல்லாம் சரியாக இல்லை. அந்த இடம் கொஞ்சம் விறைத்துத்தான் இருந்தது. ஆனால் மாஸ்டரிடம் அதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அது விறைத்தால் உடனே வெட்டித் திறக்க வேண்டும் என்று பிறகு அறிந்தேன். என்னை நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தார்கள். என் நரம்பு முழுவதும் திரும்பி வராமல் போனதற்கு அந்த நான்கு நாளும் ஒரு காரணம் என்று இன்னொரு மருத்துவர் பிறகு சொன்னார்.

ஐந்தாம் நாள் முதுகில் ஊசி குத்தி, எலும்புக்குள் இருக்கும் நீரில் ஒரு மருந்தைக் கலந்து, என்னை ஒரு மேசையில் கட்டி மேலும் கீழுமாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். மருந்து எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கேதான் நெரிசல். ஊசி அவ்வளவு நோகவில்லை. பிறகு வந்த தலையிடிதான் கொடுமை. இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று தாதி சைகையால் காட்டினாள். நான் குடித்த தண்ணீரைப் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பன்றிப் பண்ணைக்காரக் கிழவர் கைதட்டினார்.

அந்தக் கிழவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் தாதி கொண்டுவரும் தாளைப் பார்த்து நான் நடுங்குவதை அவர் கவனித்திருந்தார். ஒவ்வொரு காலையும் ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள். அது மருத்துவமனைச் செலவுக் கணக்கு என்று நினைத்து நான் ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாளாக எனக்கு வெறும் ரொட்டியும் சூப்பும் வந்தன. நான்காம் நாள் கிழவர் என் தாளை வாங்கி, தன் தாளில் கோடு போட்ட இடத்திலெல்லாம் அதிலும் கோடு போட்டார். மத்தியானம் எனக்கு இரண்டு இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும் வந்தன. அது சாப்பாட்டுத் தாள்.

பின்னேரம் வந்த ரவி இதைக் கேட்டுவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரவியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஐஸ்கிரீம் பெட்டியில் புட்டும் சம்பலும் கொண்டுவருவான்.

"அண்ணை, இஞ்சை ஆசுப்பத்திரியிலை ஒருத்தரும் காசு கேக்கமாட்டினம். மஞ்சள் மட்டை இருக்கெல்லே, அதுதான் காசு."

மஞ்சள் மட்டை என்பது நோய்க் காப்புறுதி அட்டை. மருத்துவமனைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். வெளியே மருந்து வாங்கும்போது காப்புறுதி ஒரு பங்கு கொடுக்கும், மீதி எங்களுடையது. ஆனால் மருத்துவர் சீட்டில் எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் காப்புறுதியும் கொடுக்கும். முழுக்கதையும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

வெட்டித் திறந்து மெத்தையின் பிதுங்கிய துண்டை எடுத்தார்கள். கால் வலி பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி போகாது என்று சொன்னார்கள். அதற்கு ஒரு குளிசை தந்தார்கள். அபின் குடும்பத்து மருந்து, அந்தக் குடும்பத்தில் சாதுவானது. ஒரு நாளைக்கு மூன்று. வீட்டு மருத்துவர் நூறு குளிசைக்குச் சீட்டு எழுதி, அதே சீட்டில் இன்னும் இரண்டு தடவை எடுக்கலாம் என்றும் எழுதினார். கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் போதும். மருந்துக்கடையில் இருந்த பெண் மூன்று கோடு போட்டு, ஒன்றை வெட்டிக் காட்டினாள். அப்போது எனக்கு இருந்த வசதியின் பெறுமதி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாளில் மாஸ்டர் பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். தேத்தண்ணீர் குடித்தார். மேசையில் இருந்த போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே குளிசைகள் கலகலத்தன.

"உது நல்ல சாமான் மணியம். எனக்கும் கார் ஓடி ஓடி முதுகு விடமாட்டுது. மருத்துவரிட்டைக் கேட்டால் நடவும் எண்டுறான். ஒரு முப்பது இருந்தால் தாரும்."

கொடுத்தேன். இதைப் படிக்கிற எவரும் கொடுத்திருப்பீர்கள். மிளகாய்த்தூள் முடிந்தால் பக்கத்து வீட்டில் வாங்குவதுபோல மருந்தையும் நாங்கள் வாங்குவோம், கொடுப்போம். ஊரிலிருந்து வருகிறவனிடம் தைலம், போகிறவனிடம் விற்றமின். மாஸ்டர் கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அடுத்த மாதமும் வந்தார். அப்போதும் முப்பது.

அந்தக் கோடையில் என் மனைவி தவமணியின் கடிதம் திருச்சியிலிருந்து வந்தது. அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் டென்மார்க்குக்கு வர விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அந்த ஆண்டுகளில் எங்களுடைய விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுடைய தாள்களில்தான் ஏதோ பிழை என்று நினைத்து நாங்கள் திரும்பத் திரும்பப் பிறப்புச் சான்றிதழ் அனுப்பிக்கொண்டிருந்தோம். தவம் எழுதியிருந்தாள்: "நாங்கள் கடல் கடந்து இங்கே வந்துவிட்டோம். இந்தியாவில் நிற்பதற்கு ஐந்து மாதம் தந்திருக்கிறார்கள். உங்களிடம் அகதிப் பயணப் புத்தகம் இருக்கிறதுதானே. ஒருக்கால் வந்து போங்கோ. சின்னவள் உங்களைக் கண்டதே இல்லை. யாராவது மீசைக்காரர் படியேறினால் அப்பாவோ என்று கேட்கிறாள்."

ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், போய் நிற்கலாம் என்று முடிவெடுத்தேன். நான் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன், தொழிற்சாலை லீவு தந்தது. வழியில் மருந்து முடியக் கூடாது. சுங்கத்தில் காட்டவும் கடிதம் வேண்டும். மூன்று மாத மருந்தை ஒன்றாக எடுக்கலாம் என்று மருத்துவர் காப்புறுதிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று மருந்துக்கடைப் பெண் கடதாசியில் எழுதித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு மாஸ்டருடன் வீட்டு மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் முதலில் தன்னிடம் இருந்த என் நோய்க்குறிப்பு மட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார். மாஸ்டர் எனக்குச் சொன்னார்.

"நூறு குளிசை முப்பத்து மூண்டு நாளைக்கு வரவேணும். உமக்கு ரெண்டு தரமும் பத்து நாள் முந்தியே முடிஞ்சிருக்கு. ஏன் எண்டு கேக்கிறார்."

மாஸ்டரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். முப்பதும் முப்பதும் உங்களுக்குத் தந்தேன் என்று அவருடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவரே அதை மருத்துவருக்குச் சொல்ல வேண்டுமே. அவருடைய மரியாதை என்ன ஆகும்?

"தெரிஞ்ச ஆக்களுக்குக் கொஞ்சம் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். இனிக் குடுக்கமாட்டன் எண்டும் சொல்லுங்கோ."

அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு திருப்தி. மாஸ்டர் கதைத்தார். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. டேனிஷில் நீளமாகத்தான் வரும்போலும் என்று நினைத்தேன். மருத்துவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. பேனாவை எடுத்து மட்டையில் இரண்டு வரி எழுதினார். எனக்கு ஒரு சின்னச் சீட்டுத் தந்தார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் சொன்னார். "சட்டம் மாறிட்டுது மணியம். இனி ஒரு கிழமைக்கு மட்டும்தான் குளிசை தருவினம். ஒவ்வொரு வெள்ளியும் நீர் நேரை போய் எடுக்கவேணும்."

"அப்ப இந்தியா?"

"காப்புறுதிக்காரர் விடமாட்டினம். நானும் எவ்வளவோ கதைச்சுப் பாத்தன்."

அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

சட்டம் என்றால் சட்டம். ஒவ்வொரு வெள்ளியும் மருந்துக்கடையில் நின்றேன். இருபத்தொரு குளிசை. எனக்குப் பின்னால் நிற்கிற டேனிஷ்காரக் கிழவிகள் இரண்டு கையிலும் போத்தல்களோடு போவதைப் பார்த்தபோதும், சட்டம் அவர்களுக்கு வேறாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு நாளைக்கு மூன்று போடுவதற்குப் பதிலாக இரண்டு போட்டால் கிழமைக்கு ஏழு மிஞ்சும். ஒன்று போட்டால் பதினான்கு. தவம் திருச்சியைவிட்டுப் போவதற்குள் ஆறு கிழமைக்கு வேண்டியதைச் சேர்த்துவிடலாம். தேயிலை வந்த தகரப் பேணி ஒன்றைக் கழுவி உலர்த்தி அதில் போட்டு வந்தேன். வலியைச் சாப்பிட்டு மருந்தைச் சேமித்தேன் என்று சொல்லலாம். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் பிளந்தது. ரவி தன் வேலை முடிய வந்து என் உருளைகளையும் தூக்கித் தருவான். "அண்ணை, உங்கடை முகம் சாம்பல் நிறமாக் கிடக்கு" என்பான். இன்னும் நான்கு கிழமை என்பேன்.

நான்கு கிழமை இருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இடது கால் எனக்குச் சொல்லாமலே மடிந்தது. இயந்திரத்தின் ஓரத்தில் விழுந்தேன். திரும்பவும் அதே மருத்துவமனை, அதே மாடி. பன்றிப் பண்ணைக்காரர் இல்லை. உடல் வேர்த்தது, கை நடுங்கியது. மருந்தை ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் போட்டால் உடம்பு குழம்பும், அதனால் வந்த நடுக்கம் அது. வலி மருந்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

ரவி அவசரத்தில் என் பையை அப்படியே கொண்டுவந்திருந்தான். தாதி சவர்க்காரம் தேடி அதைத் திறந்தாள். தேயிலைப் பேணி வெளியே வந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவள் மருத்துவரைக் கூப்பிட்டாள். மருத்துவர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், அது நான் இந்தியா போகச் சேத்தது. நோவைத் தாங்கிக்கொண்டு சேத்தனான். சொல்லுங்கோ."

மாஸ்டர் சொன்னார். என்ன சொன்னாரோ தெரியாது. மருத்துவர் பேணியை எடுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் என் தோளில் தட்டினார். "பயப்பிடாதையும். பொலிசுக்குப் போகாமல் நான் சமாளிச்சிட்டன்."

"உங்களாலைதான் மாஸ்டர் நான் இஞ்சை நிக்கிறன்" என்றேன். இந்த வாக்கியத்தை நினைக்கும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

மூன்று கிழமை படுத்திருந்தேன். யன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடம் தெரியும். வேலை முடிந்து போகிற தாதிமார் ஒவ்வொருவராகத் தங்கள் சைக்கிளை எடுத்து வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில்தான் தவத்தின் அடுத்த கடிதத்தை ரவி கொண்டுவந்தான். நாட்கள் முடிந்துவிட்டன என்றும் திரும்பிப் போகிற கப்பலில் பெயர் பதிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. "சின்னவள் கடைசி நாள்வரை படியில் இருந்தாள்" என்று மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு ஊரில் திரும்பச் சண்டை தொடங்கியது. என் பிள்ளைகள் பதுங்கு குழியில் படித்தார்கள்.

வேலைக்கு இனிப் போக முடியாது என்று ஆனபிறகு மொழிப்பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நாற்பத்தாறு வயதில் திரும்பவும் வகுப்பு வாங்கில் உட்கார்ந்தேன். வெட்கத்தால் வாய் திறக்கமாட்டேன். ஆனால் கேட்பேன். பேசாதவனுக்குக் காது கூர்மை. ஒரு வருடத்தில் மற்றவர்கள் கதைப்பது எனக்குப் பெரும்பாலும் விளங்கியது. அது மாஸ்டருக்குத் தெரியாது. ரவிக்கு மட்டும் தெரியும்.

வீட்டு மருத்துவர் ஓய்வு பெற்று ஒரு இளம் பெண் மருத்துவர் வந்தார். அன்று மாஸ்டர் வரப் பிந்தியது. "அவர் இல்லாமல் முயன்று பார்ப்போமா?" என்று மருத்துவர் மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மட்டையைப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"நீங்கள் ஏன் ஒவ்வொரு கிழமையும் மருந்து எடுக்கிறீர்கள் தெரியுமா?"

"சட்டம்" என்றேன்.

"அப்படி ஒரு சட்டம் இல்லை."

பிறகு மட்டையில் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தார். மொழிபெயர்ப்பாளரின் தகவலின்படி நோயாளி குளிசைகளைத் தன் நாட்டவர்களுக்கு விற்கிறார். கிழமைக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கவும். அதற்குக் கீழே, மருத்துவமனையிலிருந்து வந்த வரி. விற்பதற்காகப் பதுக்கிய குளிசைகள் பையில் கண்டெடுக்கப்பட்டதாக மொழிபெயர்ப்பாளர் உறுதிப்படுத்தினார்.

விற்கிறார் என்ற சொல் எனக்குத் தெரியும். கடைகளின் கண்ணாடியில் எழுதியிருக்கும். அதைவிட எளிய சொல் அந்த மொழியில் இல்லை.

என் வாழ்க்கையில் டேனிஷில் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். எல்லா வினைச்சொல்லும் பிழை. "கொடுத்தேன். விற்கவில்லை. அறுபது கொடுத்தேன். யாருக்கு? இதை உங்களுக்குச் சொன்னவருக்கு. பேணி, மனைவி, இந்தியா. நான் வலியில் இருந்தேன், சேர்த்தேன்."

மருத்துவர் பேனாவை எடுத்தார். பிறகு மட்டையில் புதிதாக ஒரு பந்தி எழுதி, அதை எனக்கு வாசித்தும் காட்டினார். காப்புறுதிக்கு அந்த இடத்திலேயே கடிதம் எழுதினார். நான் கேட்டதும் அந்தப் பழைய வரிகளையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். நோயாளி கேட்டால் தன்னைப் பற்றி எழுதியதைப் பார்க்கலாம். இதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தபோது மாஸ்டர் காத்திருக்கும் அறைக்குள் வந்துகொண்டிருந்தார். எங்களுடைய ஆட்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

"மன்னியும் மணியம், பிந்திப்போச்சு. வாரும், உள்ளை போவம்."

"நான் உள்ளை போய் வந்திட்டன் மாஸ்டர்."

"ஆர் கதைச்சது?"

"நான்தான்."

அவர் சிரித்தார். "நீரோ? என்ன கதைச்சனீர்?"

"எல்லாம்" என்றேன். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. அவர் முன்னால் நான் கதிரையில் உட்கார்ந்தேன். என் மேலங்கிக்கு ஆறு தெறி. ஆறையும் இருந்துகொண்டே மெதுவாகப் பூட்டினேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

ரவி தாளைப் படித்துவிட்டு மேலங்கியை எடுத்தான். "வாங்கோ அண்ணை. இண்டைக்கு மாஸ்டரின்ரை பல்லைக் கையிலை குடுத்திட்டு வருவம்."

"இரு" என்றேன். "பல்லு வேண்டாம்."

"பின்னை என்ன வேணும்?"

எனக்கும் அப்போது தெரியவில்லை. ஆனால் அவசரம் இல்லை என்று தெரிந்தது. முதுகு வருத்தம் பொறுமையைப் பழக்கிவிடும்.

மூன்றாம் கிழமை காப்புறுதியின் கடிதம் வந்தது. நூறு குளிசை, மூன்று தடவை, முன்போலவே. மருந்துக்கடைப் பெண் கோடு போட்டுக்கொண்டே, "இப்போது இந்தியா போகலாம்" என்றாள். அப்போது போவதற்கு இந்தியாவில் எனக்கு யாரும் இல்லை. போத்தலைக் கொண்டுவந்து குசினி அலுமாரியில் வைத்தேன்.

பிறகுதான் எங்களுடைய விண்ணப்பங்கள் ஏன் அசையவில்லை என்பது நாட்டுக்கே தெரியவந்தது. ஓர் அமைச்சர் அவற்றை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார். வானொலியில் ஒவ்வொரு நாளும் அதுதான். அவர் பதவி போனது, அரசாங்கமும் போனது. மொழிப்பள்ளியில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கோப்பன்ஹேகனில் ஒருவர் என் மனைவியின் தாளை மறித்தார். இக்காஸ்டில் ஒருவர் என் மட்டையில் ஒரு வரி சேர்த்தார். முதலாமவரை நான் கண்டதில்லை, அவருக்கு நான் தேத்தண்ணீர் கொடுத்ததும் இல்லை. அவரை நாடு விசாரித்தது. இரண்டாமவருக்குப் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன்.

தவமும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் சின்னவள் என்னிடம் வரவில்லை. ரவியிடம் போய் நின்றாள், அவனுக்குப் பெரிய மீசை. நான் அதை எடுத்து எழுதுவதற்குக் காரணம், அதையும் அவர் படிக்க வேண்டும் என்பதுதான்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஈஸ்டர் என்றால் வியாழனிலிருந்து திங்கள்வரை எல்லாம் பூட்டு. அந்த ஈஸ்டர் சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாஸ்டர். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து நின்றார். இருபத்திரண்டு படி ஏறி வந்திருக்கிறார். முகம் சாம்பல் நிறம். அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.

"மணியம், புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கினன். முதுகுக்குள்ளை ‘டக்’ எண்டுது. கால் எரியுது. அப்போத்தேக், மருந்துக்கடை எல்லாம் பூட்டு."

உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். தவம் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. மாஸ்டர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"உம்மட்டை அந்தக் குளிசை இருக்குமெல்லே. ஒரு பத்துத் தந்தால் திங்கள் வரைக்கும் சமாளிப்பன்."

தவம் குசினிப் பக்கம் திரும்பினாள். அலுமாரியில், மஞ்சளுக்கும் மல்லிக்கும் பக்கத்தில், பூட்டுவதற்கு முன் புதன்கிழமை எடுத்த நூறும் இன்னும் திறக்காமல் முழுதாக இருந்தது.

"தவம், இரும்" என்றேன். பிறகு மாஸ்டரின் முகத்தை நேரே பார்த்தேன். என் வயதுக்கு முதல் தடவை.

"என்னட்டை எங்காலை மாஸ்டர்? ஒரு கிழமைக்கு மட்டும்தானே தருவினம். சட்டம் மாறிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் குசினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று அந்த நேரத்தில் எனக்கும் விளங்கியது.

"உங்களுக்குத் தெரியுந்தானே, வோக்லேய எண்டு அவசர மருத்துவர் இருக்கிறார், அந்த நம்பர் தொலைபேசிப் புத்தகத்திலை கிடக்கு" என்றேன். "ஒண்டுக்குப் போறது தெரியுதோ எண்டு கேப்பினம். உண்மையைச் சொல்லுங்கோ. அது வெட்கப்படுற கேள்வி இல்லை." இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருடைய நரம்பு எனக்கு வேண்டாம். அவருடைய ஈஸ்டர்தான் வேண்டும்.

தேத்தண்ணீரை முடித்துவிட்டு எழுந்தார். நான் எழுந்து நிற்கவில்லை. படியில் அவர் இறங்குவது கேட்டது. ஒரு படி, நிற்பு. ஒரு படி, நிற்பு. இருபத்திரண்டையும் கேட்டேன். ஒவ்வொரு படியும் உள்ளே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தவம் கோப்பையை எடுத்தாள். "போத்தல் நிறையக் கிடக்கே. ஏன் அந்த மனிசனுக்குப் பொய் சொன்னனீங்கள்?"

அன்றுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை, பேணி, விழுந்தது, அவளுடைய கடிதம் கட்டிலில் கிடந்தது எல்லாம். அவள் குசினிக்குள் போய் நெடுநேரம் நின்றாள். அவள் போத்தலை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடிவிடுவாளோ என்று நினைத்தேன். அவளுடைய மனது அப்படி.

திரும்பி வந்தபோது அவளுடைய கையில் அவர் குடித்த கோப்பை இருந்தது. கழுவித் துடைத்து, எங்களுடைய கோப்பைகளோடு வைக்காமல் யன்னல் விளிம்பில் தனியே வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் பூட்டெல்லே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "ஞாயிறும் திங்களும்."

"நல்லது" என்றாள்.